பதினொன்றுக்குக் கட்டிய கயிறு

...போனதா இல்லையா, எழுத்து எழுத்தாக அடித்தேன், கடைசியில் என்டரையும் தட்டினேன், ஆனால் கறுப்புத் திரையில் ஒரு எழுத்துகூட விழவில்லை, முன்பு வந்த வரி வந்த இடத்திலேயே நிற்கிறது, மறுபடி என்டர், மறுபடி, இப்படித் தட்டிக்கொண்டே இருந்தால் ஏதாவது ஆகிவிடுமா என்ன, லிப்ட் பொத்தானைப் பத்துத் தடவை அமுக்குகிறவர்களைப் பார்த்துச் சிரிப்பவள்தானே நான்... மணி பத்து நாற்பத்திரண்டு. பதினொன்றுக்கு, காரில் முக்கால் மணி நேரத் தூரத்தில் கிள்ளானில் இருக்கும் அந்தக் கம்ப்யூட்டர் தன்னைத்தானே அணைத்துக்கொண்டு மறுபடி எழும். அப்படிச் செய் என்று அதற்குச் சொன்னவளே நான்தான். வேண்டாம், அதை விட்டுவிடு என்று சொல்லத்தான் இப்போது அடித்தேன், சொன்னது அங்கே போவதற்குள் இந்தக் கிழட்டு லேப்டாப்பின் வைஃபை மண்டையைப் போட்டுவிட்டது. பயப்படாதே எவலின், இதெல்லாம் தினமும் நடப்பதுதான், பதினாறு வருஷமாக இதைத்தானே வயிற்றுப் பிழைப்புக்குச் செய்கிறாய்... செய்தாய். மூன்று மாதமாக இல்லை. வேலையோடு ஆபீஸ் லேப்டாப்பையும் திருப்பி வாங்கிக்கொண்டார்கள், அதனால்தான் அலமாரிக்குள் கிடந்த இந்த ஒன்பது வயசுச் சனியனை எடுத்துத் தூசி தட்டி வைத்திருக்கிறேன். கீழே மோனோரயில் வளைவில் திரும்பும் சத்தம் கேட்கிறது, பூக்கடைக்காரர் யாரையோ திட்டுகிறார், பிரிக்பீல்ட்ஸில் எல்லாம் அது அதன் பாட்டில் நடக்கிறது. பதினெட்டு நிமிஷம். பதினெட்டு நிமிஷம் நிறைய.

அப்பா வாரத்தில் மூன்று நாள் போகும் டயாலிசிஸ் நிலையம் அது. கிள்ளானில் எங்கள் மாதா கோயில்காரர்கள் சேர்ந்து நடத்துவது, பன்னிரண்டு நாற்காலி, அப்பாவுக்கு ஏழாவது. நம் ஆட்களிடம் கம்ப்யூட்டர் வேலை என்று ஒருமுறை வாயைத் திறந்தால் போதும், பிரிண்டர் ஓடவில்லை என்றாலும் கூப்பிடுவார்கள், கல்யாண மண்டபத்தில் மைக் இரைந்தாலும் கூப்பிடுவார்கள். அம்புரோஸ் அங்கிள் மகள் இருக்கும்போது வெளியாள் எதற்கு என்று ஒரு ஞாயிறு பூசை முடிந்து காப்பி குடிக்கும்போதே முடிவு செய்துவிட்டார்கள், நானும் தலையை ஆட்டினேன். பன்னிரண்டு எந்திரத்துக்கும் சுத்தமான தண்ணீரைத் தள்ளுகிற பம்பை, அங்கே சாமான் அறையில் அலமாரிக்கு அடியில் கிடக்கும் ஒரு பழைய கம்ப்யூட்டர் ஓட்டுகிறது. அதற்குத் திரையும் இல்லை கீபோர்டும் இல்லை, நான் வீட்டிலிருந்தே டெர்மினல் என்கிற இந்தக் கறுப்புத் திரையைத் திறந்து உள்ளே நுழைந்து பார்த்துக்கொள்வேன். அது நின்றால் பம்ப் நிற்கும், தண்ணீர் நிற்கும், பன்னிரண்டு எந்திரமும் ஒரே நேரத்தில் அலறும். நின்றால் எழுமா என்பது அடுத்த பயம்... நான்கு வருஷத்துக்கு முன்னால் ஒருமுறை கரண்ட் போய் வந்தபோது, கீபோர்டைக் காணோம், ஏதாவது பொத்தானை அமுக்கு என்று சொல்லிவிட்டு அப்படியே நின்றது. கீபோர்டு இல்லாத கம்ப்யூட்டர் கீபோர்டில் அமுக்கச் சொல்கிறது, எந்தப் புண்ணியவான் அதை அப்படிச் செய்து வைத்தானோ, அன்றைக்கு நானே காரை எடுத்துக்கொண்டு கிள்ளானுக்கு ஓடினேன். ஏழாவது நாற்காலியிலிருந்து அப்பா பக்கத்து நாற்காலிக்காரரிடம் சொன்னது அறை வரைக்கும் கேட்டது, இதெல்லாம் எம் மகதான் பாக்குறா, அவ இல்லன்னா இங்க ஒன்னும் ஓடாது.

ஓடுகிறதைத்தான் நான் போய் நோண்டினேன். வேறு வழி இல்லை, யார் யாரோ வெளியிலிருந்து அந்தக் கம்ப்யூட்டரின் கதவைத் தட்டிக்கொண்டே இருந்தார்கள், ஒரு நாளைக்கு நாலாயிரம் தடவை, ஆளே இல்லாமல் புரோகிராம் போட்டுத் தட்டுகிற ஆட்கள், என்றைக்காவது ஒன்று பாஸ்வேர்டைக் கண்டுபிடித்துவிட்டால்? அதனால் இன்று பாஸ்வேர்டையே எடுத்துவிட்டேன். இனிமேல் சாவிக்கோப்பு இருப்பவர்தான் நுழையலாம், அந்தச் சாவிக்கோப்பு உலகத்திலேயே ஒரே இடத்தில், இந்த லேப்டாப்பில் இருக்கிறது. எவ்வளவு கெட்டிக்காரத்தனம், ஊரையே வெளியில் தள்ளிப் பூட்டிவிட்டு என்னையும் சேர்த்துத் தள்ளியிருக்கிறேன். தொலைவில் இருக்கும் கம்ப்யூட்டரின் கதவில் கை வைப்பதற்கு முன்னால் எங்கள் தொழிலில் ஒரு கயிறு கட்டிக்கொள்வோம், நான் அதைக் கயிறு என்றுதான் சொல்வேன். முக்கால் மணி நேரத்தில் பழைய அமைப்பைத் திரும்பப் போட்டுக்கொண்டு, அணைந்து எழு என்று முதலிலேயே சொல்லி வைப்பது. மாற்றியதில் தப்பு நடந்து நாமே வெளியில் மாட்டிக்கொண்டால் அது பழையபடி எழுந்து நம்மை உள்ளே விடும், தப்பு இல்லை என்றால் நாம் கயிற்றை அவிழ்த்துவிட வேண்டும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் கயிறு கட்டாமல் ஒருமுறை மாட்டிக்கொண்டு சைபர்ஜெயா வரை அழுதுகொண்டே கார் ஓட்டியிருக்கிறேன், அதற்குப் பிறகு கட்டாமல் எதையும் தொட்டதில்லை. இன்றும் பத்தேகாலுக்குக் கட்டினேன். முதல் பிரிவு நோயாளிகள் பத்து மணிக்கு எழுந்துவிடுவார்கள், இரண்டாவது பிரிவு பதினொன்றரைக்கு, நடுவில் ஆள் இல்லை, அப்படியே விழுந்து எழாவிட்டாலும் அரைமணி நேரம் இருக்கிறது என்று கணக்குப் போட்டேன். எல்லாம் சரியாக முடிந்தது, அவிழ்க்க வேண்டியதுதான் பாக்கி, அப்போது பார்சல்காரன் மணி அடித்தான், நான் லேப்டாப்பின் மூடியைச் சாத்திவிட்டு எழுந்தேன். ஏன் சாத்தினேன்? இடத்தை விட்டு எழுந்தால் திரையை மூடு, மூடாவிட்டால் மெமோ வரும்... பதினாறு வருஷ ஆபீஸ் புத்தி. இங்கே யார் இருக்கிறார்கள் எட்டிப் பார்க்க, இந்த வீட்டில் நான் ஒருத்தி, ஜன்னலில் ஒரு புறா.

போன் ஒருமுறை அதிர்ந்தது. அப்பா. நாற்காலியில் உட்கார்ந்து ஊசி ஏறியதும் ஒரு போட்டோ அனுப்புவார், கையை எடுக்கிறேன் என்று நினைத்துக்கொண்டு கூரையை எடுப்பார், பாதிப் படத்தில் அவருடைய கட்டைவிரல் இருக்கும். இன்றும் கூரை, கட்டைவிரல், கீழே குரல் பதிவு. எவலின், இன்னிக்கு பத்தரைக்கே போட்டுட்டாங்க மா, மூணு மணிக்கு மேல ஏரியாவுக்கே தண்ணி வராதாம், அதான் குமுதா எல்லாரையும் சீக்கிரம் வரச் சொல்லிருச்சு, ஒன்னும் பயமில்ல. பத்தரைக்கே. பத்தரைக்கேவா? திரும்பக் கேட்டேன், பத்தரைக்கேதான். அப்படியென்றால் இந்த நிமிஷம் பன்னிரண்டு பேருடைய ரத்தமும் குழாயில் ஓடிக்கொண்டிருக்கிறது, பதினொன்றுக்குத் தண்ணீர் நிற்கப் போகிறது, இரண்டே இரண்டு நர்சு, ஒவ்வொருவராக ரத்தத்தைத் திருப்பி ஏற்றி அவிழ்க்க வேண்டும், ஏழாவது நாற்காலிக்கு எப்போது வருவார்கள்? போன வருஷம் இதே போல எந்திரம் நடுவில் நின்று, அப்பாவுக்கு ரத்த அழுத்தம் கீழே போய், கண் மேலே செருகிக்கொண்டது. தெளிந்தபோது நான் பக்கத்தில் நிற்கிறேன், என் கையைப் பிடித்துக்கொண்டு சாந்தா என்றார். சாந்தமேரி என் அம்மா, இறந்து ஆறு வருஷம். புள்ள ஸ்கூல்லேருந்து வந்துருச்சா சாந்தா, என்று கேட்டார். பத்து நிமிஷம், முழுசாகப் பத்து நிமிஷம் நான் அம்மாவாக நின்றுகொண்டு வந்துருச்சு, வந்துருச்சு என்றேன். டாக்டர் சொன்னார், இந்த வயசுக்கு இன்னொரு தடவை இப்படிப் போகக் கூடாது. போனால் திரும்பி வருவார் என்று சொல்ல முடியாது. திரும்பி வராவிட்டால்... நிறுத்து. வைஃபையைப் பார். பத்து நாற்பத்து நான்கு.

வைஃபை. இந்த லேப்டாப்பின் வைஃபை அட்டைக்கு ஒரு வியாதி இருக்கிறது, பேட்டரியை மிச்சம் பிடிக்கிறேன் என்று தானாகத் தூங்கிவிடும், தட்டி எழுப்பினால் பாதி எழும், அனுப்பும், வாங்காது, சில நேரம் வாங்கும், அனுப்பாது. தூங்காதே என்று ஒரு கட்டளை இருக்கிறது, காலையில் போட்டேன், ஆனால் மூடியைச் சாத்தித் திறந்தால் அந்தக் கட்டளை மறந்துபோய்ப் பழைய வியாதி திரும்பும், இது எனக்குத் தெரியும், தெரிந்தேதான் மூடியைச் சாத்தினேன். திரும்பவும் போட்டேன். சரி என்றது. டெர்மினல் அசையவில்லை. பழைய இணைப்பு போனால் போகட்டும், புதிதாக நுழையலாம் என்று இன்னொரு டெர்மினலைத் திறந்தேன், கூப்பிட்டேன், காத்திரு, காத்திரு, பதில் இல்லை. வைஃபையை அணைத்துப் போட்டேன். பக்கத்து வீடுகளின் பெயர்கள் வரிசையாக வந்தன, என் வீட்டுப் பெயரும் வந்தது, தொட்டதும் எல்லாம் ஒரேயடியாக மறைந்தன. ரவுட்டரை அணைத்துப் போடலாமா? வேண்டாம், போனில் அதே வைஃபை நன்றாகத்தான் ஓடுகிறது, குற்றம் ரவுட்டரில் இல்லை, ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் தொட வேண்டும், பதறினால் இரண்டைத் தொடுவாய், பிறகு எது கெட்டது என்றே தெரியாது, இதை எத்தனை பேருக்கு நான் பாடம் எடுத்திருக்கிறேன். லேப்டாப்பையே அணைத்துப் போட்டேன். அது எழ ஐந்து நிமிஷம் ஆகும். ஐந்து நிமிஷத்தைக் கையில் எடுத்துக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருப்பது மாதிரி இருந்தது.

வட்டம் சுற்றுகிறது. சுற்றட்டும். இந்த ஐந்து நிமிஷத்தில் குமுதாவைக் கூப்பிடலாம். குமுதா அங்கே மூத்த நர்சு, அப்பாவுக்கு நான்கு வருஷமாக அவள்தான் ஊசி ஏற்றுகிறாள். போனை எடுத்தேன், பெயரைத் தேடினேன், பெயர் வந்தது. என்ன சொல்வது? குமுதாக்கா, பதினொரு மணிக்குத் தண்ணி நின்னுடும், நான்தான் நிறுத்தச் சொன்னேன். சனிக்கிழமை அவள் என்னிடம் சொன்னாள், நல்லாத்தானே லா ஓடுது, ஏன் நோண்டுற எவலின், ஓடுறத விட்டுரு. நான் சிரித்துக்கொண்டே, ஒங்களுக்குப் புரியாது கா, வெளியில ஆளுங்க தட்டுறாங்க என்றேன். ஒங்களுக்குப் புரியாது. அந்த வார்த்தையை எப்படி இப்போது திருப்பி விழுங்குவது? கூப்பிட்டால் அவள் மற்ற நர்சுக்குச் சொல்வாள், அவள் நாற்காலிகளுக்குச் சொல்வாள், ஆறாவது நாற்காலி தம்புசாமி அங்கிள் அப்பாவைத் திரும்பிப் பார்ப்பார், ஒங்க மகதானாம்... அப்பா என்ன செய்வார், கூரையைப் பார்ப்பார். மூன்று மாதமாக எனக்கு வேலை இல்லை என்பதே அப்பாவுக்குத் தெரியாது. வீட்டிலிருந்து வேலை என்று சொல்லி வைத்திருக்கிறேன், அது பொய்யும் இல்லை, வீட்டிலிருந்துதான் இருக்கிறேன். முதலில் நானே பார்க்கிறேன், முடியாவிட்டால் கூப்பிடுகிறேன், முடியாவிட்டால் கண்டிப்பாகக் கூப்பிடுகிறேன். பத்து ஐம்பது ஆனதும் கூப்பிடுகிறேன். பத்து ஐம்பது ஆனது. லேப்டாப் அப்போதுதான் எழுந்தது, எழுந்த நேரத்தில் எப்படிக் கூப்பிடுவது.

எழுந்தது, வைஃபை அட்டை எழவில்லை. தூங்குகிறது என்றால் எழுப்பலாம், ஆனால் அப்படி ஒரு அட்டையே இதற்குள் இல்லை என்கிறது, பட்டியலில் பெயரே இல்லை. ஒன்பது வருஷமாக இருந்தது இன்றைக்குக் காணாமல் போகிறது. சரி, போன். போனின் ஹாட்ஸ்பாட்... அதுவும் வைஃபை, அதே அட்டை வேண்டும், முட்டாள். போனிலிருந்தே நேராக டெர்மினல் திறக்கலாமே, சாவிக்கோப்பு லேப்டாப்பில் இருக்கிறது, பாஸ்வேர்டால் நுழைய முடியாது, பாஸ்வேர்டை எடுத்தவள் யார், நான்தான். கேபிள்! போனைக் கேபிளில் லேப்டாப்போடு சொருகினால் போனின் இணையம் அப்படியே இதற்கு வரும், அட்டையே வேண்டாம். சொருகினேன். போன் சார்ஜ் ஆகிறது என்று சந்தோஷமாகச் சொன்னது. லேப்டாப் ஒன்றையும் பார்க்கவில்லை. இது கட்டில் பக்கத்தில் கிடக்கும் கேபிள், கரண்ட் மட்டும் போகும், டேட்டா போகாத மட்டமான கேபிள், நல்ல கேபிளை... ஆபீஸ் லேப்டாப்போடு பையில் போட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டேன், பட்டியலில் அது இல்லை, அவர்கள் கேட்கவும் இல்லை, நல்ல பிள்ளை மாதிரி நானே கொடுத்தேன். செருப்பைத் தேடாமல் கிடைத்ததை மாட்டிக்கொண்டு ஓடினேன்.

லிப்ட் மூன்றாம் மாடியில் நின்று மூச்சு வாங்குகிறது. பத்துத் தடவை பொத்தானை அமுக்கினேன். கீழே வெயில், மல்லிகைப்பூ வாசம், இலைச்சோற்றுக் கடைக்கு முன்னால் லோரியிலிருந்து கட்டுக் கட்டாக வாழையிலையை இறக்குகிறார்கள், ஒருவர், பார்த்து அக்கா என்கிறார். போன் கடைக்காரன் யுகேந்திரன் ஒரு சீனக் கிழவியின் போனுக்குத் திரைக்கண்ணாடி ஒட்டிக்கொண்டிருந்தான், நிதானமாக, குமிழி வராமல், விரலால் தடவித் தடவி. பாஸ், டேட்டா கேபிள், அவசரம் என்றேன். எல்லாமே டேட்டா போகும் கா என்றான். இல்ல, எல்லாம் போகாது, எனக்குத் தெரியும், நீங்க சொருகிக் காட்டுங்க. என் குரல் உயர்ந்துவிட்டது போலிருக்கிறது, கிழவி ஒட்டாத போனைக் கையில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தாள். அப்போதுதான் போன் அடித்தது, திரையில் அப்பா. மதியச் சாப்பாட்டுக்கு என்ன என்று கேட்பார், நான் ஹலோ சொன்னதுமே குரலில் கண்டுபிடித்துவிடுவார், சிக்னல் விளக்கைப் பார்த்தே முப்பது வருஷம் ரயில்வேயில் இருந்தவர், என்னம்மா என்பார், அந்த என்னம்மாவை நான் தாங்க மாட்டேன், அழைப்பை வெட்டினேன். பிறகு பேசுகிறேன் அப்பா, உங்களுக்காகத்தான் ஓடிக்கொண்டிருக்கிறேன். யுகேந்திரன் கேபிளைச் சொருகிக் காட்டினான், அவன் கம்ப்யூட்டரில் போனின் பெயர் வந்தது. அது எவ்வளவு அழகான பெயர். பத்து ஐம்பத்து மூன்று.

மேலே வந்து சொருகும்போது அவசரத்தில் இரண்டு தடவை ஓட்டைக்கு வெளியே குத்தினேன். போனில் பகிர் என்று தொட்டேன், லேப்டாப்பின் மூலையில் ஒரு சின்னக் குறி வந்தது, இணையம், கடவுளே, மாதாவே, இணையம். டெர்மினல். கூப்பிட்டேன். சாவிக்கோப்பைத் திறக்க அதற்கென்று தனியாக வைத்த ரகசியச் சொல்லைக் கேட்டது, அடித்தேன், தப்பு என்றது, அடித்தேன், தப்பு. ரவுட்டர் பக்கத்துக் கடிகாரத்தில் பத்து ஐம்பத்தேழு. மெதுவாக, ஒரு விரலால், சின்னப் பிள்ளை மாதிரி அடித்தேன். அப்போது போன் மறுபடி அதிர்ந்தது, அப்பா, இந்த நேரத்திலா, அழைப்பை எடுத்தால் இந்தப் பழைய போனில் இணையம் அறுந்துவிடும், அறுந்தால் எல்லாம் முதலிலிருந்து, பேசாமல் இருங்களேன் அப்பா என்று வாய்விட்டே சொன்னேன், எரிச்சலோடு சொன்னேன், சொல்லிக்கொண்டே வெட்டினேன். என்டர். கிள்ளான் கதவைத் திறந்தது. கட்டியிருக்கிற கயிறு என்னென்ன என்று கேட்டேன். ஒன்றும் இல்லை என்றது. ஒன்றும் இல்லையா? திரும்பக் கேட்டேன். ஒன்றும் இல்லை. பிறகு அந்தக் கம்ப்யூட்டர் தானே எழுதி வைக்கும் குறிப்பேட்டைத் திறந்து பார்த்தேன், அங்கே எல்லாம் நேரத்தோடு வரிசையாக இருந்தது, கயிறு கட்டியது பத்து பதினைந்து, அவிழ்த்தது பத்து நாற்பத்தொன்று. நான் முதலில் அடித்தது போய்ச் சேர்ந்திருக்கிறது. ஒரு எழுத்தும் திரையில் விழாமல் அடித்தேனே, அது அப்படியே போய், அங்கே வேலை முடிந்து, சரி என்று அது சொன்ன பதில்தான் இந்தத் தூங்குமூஞ்சி அட்டை வரை வந்து வாசலிலேயே நின்றுவிட்டது. லேப்டாப்பை அணைத்தது, லிப்ட், கிழவி, கேபிள், எல்லாமே முடிந்துபோன ஒரு காரியத்துக்காக. பதினொன்று ஆனது. பதினொன்று ஒன்று ஆனது. டெர்மினலில் பம்பின் எண்கள் ஒவ்வொன்றாக வந்துகொண்டே இருந்தன, நான் அவற்றை வாய்க்குள் படித்துக்கொண்டு ஒரு பைத்தியம் போலச் சிரித்தேன்.

கேபிளைப் பிடுங்கிவிட்டு அப்பாவைக் கூப்பிட்டேன். எடுக்கவில்லை. தூங்கியிருப்பார், நாற்காலியில் பாதி நேரம் தூக்கம்தானே... மறுபடி கூப்பிட்டேன், எடுக்கவில்லை. குமுதாவைக் கூப்பிட்டேன், இப்போது கூப்பிடுவதில் வெட்கம் ஒன்றும் இல்லை, எல்லாம் சரியாகிவிட்டதே. எடுத்ததும் அவள், எவலின், பயப்படாத, என்றாள். பயப்படாதே என்று சொல்லி ஆரம்பிக்கிறவர்கள் நல்லதைச் சொன்னதில்லை. அப்பாவுக்குப் பிரஷர் எறங்கிருச்சு, என்றாள். எத்தன மணிக்கு, என்றேன். பத்து அம்பதுக்கு மேல இருக்கும், ஏன், என்றாள். இல்ல, சும்மா... தண்ணி? தண்ணி ஏதாவது நின்னுச்சா கா? தண்ணி ஏன் நிக்கணும், என்றாள், நீ கம்ப்யூட்டர நோண்டப் போறேன்னு சொன்னப்பவே நான் காலையில பம்ப்ப மேனுவல்ல தள்ளி வச்சிட்டேன், கம்ப்யூட்டர் இல்லாட்டியும் அது பாட்டுக்கு ஓடும், எதுக்கும் இருக்கட்டும்னு, சாயங்காலம்தான் திருப்பி விடுவேன். மேனுவல் என்று ஒரு விசை அந்தப் பம்பில் இருப்பதே எனக்குத் தெரியாது. பத்து நாற்பத்திரண்டுக்கு ஒரு போன் செய்திருந்தால் அப்போதே தெரிந்திருக்கும். அவள் தன் பாட்டில் சொல்லிக்கொண்டே போனாள், காலத் தூக்கி வச்சு சலைன் குடுத்தோம், இப்ப பரவால்ல, நாங்க ரெண்டு பேரும் அப்ப கடைசி நாற்காலிக்காரருகிட்ட நின்னோம், அவருக்குத் தல சுத்த ஆரம்பிச்சதும் எங்கள கூப்பிடல, ஒனக்குத்தான் அடிச்சிருக்காரு போல, ரெண்டு வாட்டி, நீ எடுக்கல. இந்தா, பேசு.

அப்பா, என்றேன். மூச்சு கேட்டது. யாரு, என்றார். எவலின்ப்பா. நான் போனைக் காதோடு வைத்து அழுத்தினேன், சாந்தா என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள் அப்பா. தெரியுது, என்றார், தெரிந்ததா தெரியவில்லையா என்று எனக்குத் தெரியவில்லை. வேலையா இருந்தியா மா? ஆமாப்பா. அதான் நெனச்சேன், சும்மாதான் அடிச்சேன், ஒரு மாதிரி பயமா இருந்துச்சு, அதான். எழுபத்தொரு வயசில், ஊசி ஏறும்போதெல்லாம் ஒன்றும் பயமில்லை என்று குரல் பதிவு அனுப்புகிற மனுஷன் பயமாக இருந்தது என்கிறார். கம்ப்யூட்டர் வேல முடிஞ்சுதா, என்று கேட்டார். முடிஞ்சுதுப்பா. நல்லா ஓடுதா? ஓடுது. அவர் போனைத் திருப்பிக் கொடுக்கும்போது, கை நகரும் சத்தத்துக்கு நடுவில், யாரிடமோ மெதுவாகச் சொன்னது கேட்டது, எம் மக சரி பண்ணிட்டா. பிறகு குமுதா, வெக்கிறேன் லா, சாயங்காலம் அடிக்கிறேன் என்று வைத்துவிட்டாள்.

கேபிளைப் பிடுங்கியபோது வந்த எண்ணிலேயே லேப்டாப் நிற்கிறது. நான் அவருக்காகத்தான் பயந்தேன், இல்லையா? அந்தப் பதினெட்டு நிமிஷமும் ஏழாவது நாற்காலியைத் தவிர நான் எதை நினைத்தேன்... தம்புசாமி அங்கிள் திரும்பிப் பார்ப்பதை நினைத்தேன், குமுதாவிடம் சொன்ன அந்த வார்த்தையை நினைத்தேன், போனில் அவர் பெயர் வந்தபோது பேசாமல் இருங்களேன் என்றேன். அது பரபரப்பில், அதைக் கணக்கில் எடுக்கக் கூடாது. ஆனால் எல்லாம் முடிந்த பிறகு, பரபரப்பே இல்லாத நேரத்தில், குமுதா அதைச் சொன்னாளே, பத்து ஐம்பதுக்கு மேல் என்றதும் என் நெஞ்சு லேசானதே, பதினொன்றுக்கு முன்னால்தான், அப்படியானால் காரணம் நான் இல்லை என்று... வியாழக்கிழமை கிள்ளானுக்குப் போக வேண்டும், அந்தக் கம்ப்யூட்டருக்கு ஒரு கீபோர்டைச் சொருகி வைக்க வேண்டும், அந்த மேனுவல் விசை எங்கே இருக்கிறது என்று குமுதாவைக் கேட்க வேண்டும். ஏன் என்று அவள் கேட்டதற்கு நான் பதில் சொல்லவில்லை, அவள் மறந்திருப்பாள், மறந்திருக்க மாட்டாள். அப்பா எப்படி இருக்கிறார் என்றுதானே எந்த மகளும் முதலில் கேட்பாள், நான் எத்தனை மணிக்கு என்று கேட்டேன்.